சேவூரிலிருந்து வராத போன்

அத்தியாயம் 17

தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது லேசில்லை. கையை ஊன்ற வேண்டும், முட்டியை மடக்க வேண்டும், ஒரு காலை மேலே போட்டு அப்புறம் இன்னொன்றை இழுக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் புஷ்பலதாவின் முட்டி ஒவ்வொரு முறையும் ஒரு சத்தம் கொடுத்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் பதினோரு மணிக்குள் அவள் ஆறு முறை ஏறி இறங்கியிருந்தாள்.

போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஆரணியில் இருக்கும் அந்த வீட்டில் ஜன்னல் கட்டை ஒன்றில்தான் சிக்னல் கிடைக்கும்.

முதல் போன், லோன் வேண்டுமா என்றது. இரண்டாவது, கிரெடிட் கார்டு. மூன்றாவது, திண்டிவனம் பக்கத்தில் வீட்டுமனை, பத்து நாள்தான் சலுகை. நாலாவதில் மனுஷக் குரலே இல்லை, ஒரு மிஷின் "வாழ்த்துக்கள்!" என்று கூவியது. ஐந்தாவது இந்தி. ஆறாவது ஒரு பையன், தேன் தடவிய குரல், உடம்புக்கான இன்சூரன்ஸ்.

"மேடம், உங்க ஃபேமிலில மொத்தம் எத்தனை பேரு மேடம்?"

"அதைத்தாண்டா நானும் ஆறு நாளா தெரிஞ்சிக்கலாம்னு காத்துகினு கிடக்கறேன்! வெய்யிடா போனை!"

எதிர்த் தறியில் இருந்த அவள் கணவன் ரங்கசாமி, இழையை ஓட்டும் நாடாவை நிறுத்தினான். "புது நம்பர்னா எடுக்காம விட்டுத் தொலையேன். எதுக்கு இத்தனை பேஜாரு?"

"மாப்பிள்ளை கம்பெனிக்குள்ள போன் எடுத்துகினு போவக் கூடாது. வாசல் கேட்டாண்ட யார் போனாவது வாங்கித்தான் பேசுவாரு. அது புது நம்பராத்தானே வரும்? எடுக்காத எடுக்காதன்னா?"

நாடா மறுபடி ஓட ஆரம்பித்தது.

மகள் இளமதி ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்ததும், பதினெட்டாம் பெருக்கு அன்று மாப்பிள்ளை குமரேசன் வந்து விருந்து சாப்பிட்டுப் போனதும், அதற்கப்புறம் மாப்பிள்ளை ஊரான சேவூர் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லாமல் போனதும் கதையோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடிக்கு அழைத்துவந்த புதுப்பெண்ணை, ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து பூவும் பழமும் வைத்து அழைத்துப் போக வேண்டும். பெண் தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. தாய் கொண்டுபோய் விடவும் கூடாது. அழைக்காத வீட்டுக்கு வலியப் போனவள் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டால், பேரப்பிள்ளை எடுத்த பிறகும் போகாது.

ஆவணி பிறந்து இன்றோடு ஆறு நாள். யாரும் வரவில்லை. குமரேசன் இளமதியின் போனையும் எடுக்கவில்லை.

இளமதி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. காலையில் கோலம் போட்டாள், சட்னி அரைத்தாள், அறுந்த இழையைப் பிணைத்துக் கொடுத்தாள். போன் அடிக்கும்போது மட்டும் அவள் கை நின்றது. "வேணாம்பா" என்று அம்மா கத்தியதும் மறுபடி வேலையைப் பார்த்தாள். அந்தக் கை நிற்பதைப் பார்க்கப் பார்க்கத்தான் புஷ்பலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோன் கொடுக்கிறானாம் லோன்! ஒரு பெண் பிள்ளையின் நெஞ்சில் ஆறு தரம் விளக்கேற்றி ஆறு தரம் அணைத்தானே, அதற்கு இவன் எந்த பாங்கில் வட்டி கட்டுவான்?

பதினொன்றேகாலுக்குத் தனக்கோடி வந்தாள். இந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்தவள் அவள்தான். இரண்டு வீட்டுக்கும் தூரத்து உறவு. வந்தவள் உட்காரவில்லை.

"புஷ்பா, உன்னை ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. பொண்ணுக்கு வேற எடம் பாக்கறீங்களா?"

புஷ்பலதாவுக்கு முதலில் அந்தக் கேள்வி புரியவே இல்லை. புரிந்ததும் முட்டி சத்தம் போட்டதுகூடத் தெரியாமல் குழியிலிருந்து ஏழாவது முறையாக வெளியே வந்தாள்.

"இன்னாக்கா பேசற நீ? கல்யாணமாயி எட்டு மாசம் ஆவல, வேற எடமா?"

"நான் சொல்லல, சேவூர்ல சொல்றாங்க. உன் சம்மந்தி பொன்னியம்மா போனுக்கு ஒரு பொண்ணு பண்ணுதாம். 'இளமதிக்கு நாலு வரன் ரெடியா இருக்கு, ஆசைப்பட்டுக் கேக்கறாங்க, நேத்துகூட உங்க பொண்ணு உள்ள வந்து பாத்திருக்கு'ன்னு சொல்லுதாம். ஒரு தடவை இல்ல, பத்து நாளா. ஆடிக்குக் கூட்டிக்கினு போனதே இதுக்குத்தானான்னு கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

தறிச் சத்தம் நின்றுவிட்டது. ரங்கசாமி தலையைக் குனிந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தான்.

விஷயம் அவனிடம்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், யாரோ சொன்னார்கள் என்று பூந்தோரணம் மேட்ரிமோனி என்ற ஒரு கம்பெனியில் இளமதியின் பேரைப் பதிந்து வைத்தான். தன் நம்பர் ஒன்று, இளமதியின் நம்பர் ஒன்று, இரண்டையும் கொடுத்தான். அந்தக் கம்பெனி ஒரு மாப்பிள்ளையையும் கொண்டுவரவில்லை. மாப்பிள்ளை தனக்கோடியின் வாய்வழியாக சேவூரிலிருந்து வந்தான். கல்யாணம் முடிந்ததும் ரங்கசாமி அவர்களுக்குச் சொல்லியும் விட்டான். "ரொம்ப சந்தோஷம் சார், ஒரு கல்யாண போட்டோ அனுப்புங்க" என்று கேட்டார்கள். இவனும் வெள்ளை மனதோடு மாலையும் கழுத்துமாக இருந்த படத்தை அனுப்பினான். அதற்கு அடுத்த வாரமே "உங்க பொண்ணுக்கு வரன் பாக்கறீங்களா சார்?" என்று போன் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. இப்போது முடிந்த ஆடியில் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அந்த நம்பர்களையெல்லாம் ப்ளாக் செய்து, "ஒழிஞ்சாங்க" என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

ஒழியவில்லை. முதல் நம்பர் எடுக்கவில்லை என்றதும் இரண்டாவது நம்பருக்குப் போயிருக்கிறார்கள். அந்த இரண்டாவது நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது?

"எம்மா," என்றாள் இளமதி, சமையலறை வாசலில் நின்று. "அந்தப் பழைய போனை சிம்மோட அத்தைக்குக் குடுத்துட்டேன். அவரு புது நம்பர் வாங்கித் தந்தாரு இல்ல, அப்போ. அத்தைக்குப் போனே இல்லன்னு."

பாசமாகக் கொடுத்த போன். அதன் வழியாகத்தான் நெருப்பு போயிருக்கிறது.

புஷ்பலதா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கோபத்தில் இருக்கும் வாய் எதைப் பார்த்துத் திறக்கிறது?

"உண்மைய சொல்லு. நீ அந்த மேட்ரிமோனிக்குள்ள போயி ஏதாவது பாத்தியா?"

இளமதி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு போய், காலியாக இருந்த அம்மாவின் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்தாள்.

"ஏண்டி, கேக்கறேன் இல்ல?"

நாடா ஓடியது. அதை இல்லை என்ற பதிலாக எடுத்துக்கொண்டு, புஷ்பலதா புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?" என்றான் ரங்கசாமி.

"சேவூருக்கு."

"நாம போவக் கூடாதுடி. மொறை இல்ல."

"மொறையா? எவளோ ஒருத்தி எங்கேயோ உக்காந்துகினு என் பொண்ணுக்கு ரெண்டாவது மாப்பிள்ளை தேடறா. அவளுக்கு இல்லாத மொறை எனக்கு எதுக்கு?"

பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் வெறுங்கையோடு சம்மந்தி வீட்டுக்குப் போகிறோம் என்பது உறைத்தது. ஒரு கிலோ சாத்துக்குடி வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது பைக்குள்ளிருந்து போன் அடித்தது. "மேடம், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்றது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அவள் சொன்ன வார்த்தையை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

சேவூரில் பொன்னியம்மாள் வாசலில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். இரண்டு தறியும் முக்கால் காணி நிலமும் வைத்திருக்கிற வீடு. கணவன் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. தனியாக நின்று மகனைப் படிக்கவைத்த மனுஷி.

"வாங்க சம்மந்தி," என்றாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாய் விரித்தாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் போன தடவை வந்தபோது கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போன அந்தக் கை இன்றைக்குப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஆறு நாளா வாசலைப் பாத்துகினு இருக்கறோம்," என்றாள் புஷ்பலதா.

"நாங்க எதுக்கு? அதான் நாலு பேரு வரிசையில நிக்கறாங்களாமே."

பஸ்ஸில் வரும்போது கோத்து வைத்திருந்த வார்த்தை அத்தனையும் புஷ்பலதாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் பொன்னியம்மாளின் கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தது. இது சண்டைக்கு நிற்கிற முகமில்லை, தூங்காத முகம். புஷ்பலதாவுக்கு வார்த்தை இறங்கிவிட்டது.

"யாரோ போன்ல சொன்னா நம்பிடுவீங்களா சம்மந்தி?"

பொன்னியம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதற்குள் இருந்தது அந்தப் பழைய போன். பின்பக்கம் இளமதி ஒட்டிய பட்டாம்பூச்சிப் படம் பாதி உரிந்திருந்தது.

"இதை எனக்குக் குடுத்து, 'பச்சையத் தள்ளினா பேசலாம் அத்தை, செவப்பைத் தள்ளினா வெச்சிடலாம்'னு பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தா. அப்படியே தள்ளினேன். 'இளமதியோட அம்மாங்களா?'ன்னு கேட்டுது. 'ஆமாம்மா, சொல்லு'ன்னேன். நானும் அவளுக்கு அம்மாதானேன்னு சொன்னேன் சம்மந்தி. அதுக்கப்புறம் அது சொன்னதை எல்லாம் இந்தக் காதாலதான் கேட்டேன். பத்து நாளா எனக்குச் சோறு எறங்கல."

கேட்டு அழுதுகொண்டு உட்கார்ந்துவிடுகிற ஆள் இல்லை புஷ்பலதா.

"குடுங்க அதை. அவளுக்கு இப்பவே போடறேன். நீங்களே கேளுங்க."

போட்டாள். "நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை" என்றது. மறுபடி போட்டாள். அதே பதில். நேற்று வந்த நம்பர், முந்தாநாள் வந்த நம்பர், எல்லாம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

இது என்ன நியாயம் என்று கேட்கிறேன்! அவர்கள் நம் அடுப்படிக்குள் வரலாம், தறிக்குழிக்குள் வரலாம், சாவு வீட்டில் பிணம் எடுக்கும்போதும் வரலாம். நாம் மட்டும் ஒரு தடவை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. கதவே கிடையாது. ஒரு குடும்பத்தைக் கலைத்துப் போட்டுவிட்டு, உபயோகத்தில் இல்லை என்கிறது எண்.

"தினம் எத்தனை மணிக்குப் பண்றா?"

"மூணு மணிக்கு மேல. நாலுக்குள்ள."

"அப்ப உக்காருவோம் சம்மந்தி. இன்னைக்கு அவ பண்ணட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்களே கேளுங்க. அவ சொல்றது நெசமா இருந்தா, நான் என் பொண்ணோட இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பொன்னியம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். சாப்பிடும்போது, ரங்கசாமி பேரைப் பதிந்ததையும் கல்யாண போட்டோ அனுப்பியதையும் புஷ்பலதா சொன்னாள். பொன்னியம்மாள் ராட்டையை இழுத்துவைத்து, குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்ற ஆரம்பித்தாள். புஷ்பலதாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பக்கத்தில் சிக்கலாகக் கிடந்த ஒரு பட்டு நூல் கண்டை எடுத்து மடியில் போட்டுப் பிரிக்கலானாள்.

வேண்டாத நேரத்தில் வந்து உயிரை வாங்கும் போனுக்காக, அன்றைக்கு இரண்டு பெண்கள் தவம் கிடந்தார்கள்.

ஒன்றரைக்கு அடித்தது. இருவரும் தூக்கிவாரிப் போட்டது போல நிமிர்ந்தார்கள். லோன். "வேணாம்பா" என்றாள் பொன்னியம்மாள்.

இரண்டேகாலுக்கு அடித்தது. திண்டிவனம் வீட்டுமனை. காலையில் ஆரணியில் புஷ்பலதாவிடம் பேசிய அதே பையன் என்று குரலிலேயே தெரிந்தது.

"இவன் எனக்கும் பண்ணான்," என்றாள் புஷ்பலதா.

"அந்த மனையத்தான் வாங்கித் தொலைக்கக் கூடாதா யாராவது," என்றாள் பொன்னியம்மாள். சொன்ன பிறகு அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அதை ராட்டைப் பக்கம் திரும்பி மறைத்துக்கொண்டாள்.

மூன்றுக்கு மிஷின் வாழ்த்துச் சொன்னது. மூன்றேகால், மூன்றரை. ஒன்றும் இல்லை. இன்றைக்கென்று வராமல் போய்விட்டால்? பொய் சொன்னவள் வராமல் போனால், பொய் மட்டும் இந்த வீட்டில் நிஜமாகத் தங்கிவிடும். பிரித்த நூலையே புஷ்பலதாவின் விரல்கள் மறுபடி சிக்கலாக்கின.

மூன்றே முக்காலுக்கு அடித்தது. புது நம்பர். பொன்னியம்மாள் பச்சையைத் தள்ளினாள். ஸ்பீக்கரை எப்படிப் போடுவது என்று புஷ்பலதா கை காட்டினாள்.

"வணக்கம் மேடம், பூந்தோரணம் மேட்ரிமோனியிலிருந்து ப்ரியா பேசறேன். இளமதியோட அம்மாங்களா?"

பொன்னியம்மாள் ஒரு நொடி புஷ்பலதாவைப் பார்த்தாள். "ஆமா, சொல்லு."

"மேடம், உங்க பொண்ணு ப்ரொஃபைலுக்கு இப்போ அஞ்சு பேரு இன்ட்ரஸ்ட் காட்டியிருக்காங்க. உங்க பொண்ணும் ஆர்வமாத்தான் இருக்காங்க மேடம், நேத்துகூட லாகின் பண்ணிப் பாத்திருக்காங்க. நீங்க பிரீமியம் மட்டும் போட்டீங்கன்னா நம்பர் எல்லாம்..."

"இரு இரு. நேத்து எத்தனை மணிக்குப் பாத்தா?"

"நேத்து... ஈவினிங் ஆறு மணிக்கு மேடம்."

"எந்த போன்ல?"

"இதே நம்பர்லதான் மேடம். நீங்க இப்போ பேசறீங்களே, இந்த நம்பர்லதான்."

பொன்னியம்மாளின் கையில் ராட்டை நின்றது.

"இந்த நம்பர்லயா?"

"ஆமா மேடம், ஸ்க்ரீன்ல காட்டுது."

"ஏம்மா, இந்த நம்பரு நாலு மாசமா என் இடுப்புல இருக்குது. நேத்து ஆறு மணிக்கு நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருந்தேன். அப்ப நானா வந்து மாப்பிள்ளை பாத்தேன்? அம்பத்தேழு வயசுல எனக்கா?"

அந்தப் பக்கம் பின்னால் நூறு பேர் ஒரே நேரத்தில் "வணக்கம் மேடம், வணக்கம் சார்" என்று முணுமுணுப்பது மட்டும் கேட்டது.

"சாரி மேடம், அது சிஸ்டத்துல..."

"சிஸ்டத்தை வுடு. இளமதி என் மருமவ. கல்யாணமாயி எட்டு மாசம் ஆவுது. கல்யாண போட்டோ கூட உங்களுக்கு அனுப்பியிருக்காங்க. நான் அவ மாமியாரு."

விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் மறுபடி அதே தேன் குரலில், எழுதி வைத்ததைப் படிப்பது போலச் சொன்னாள்.

"ஓகே மேடம், புரிஞ்சுது. அப்போ ப்ரொஃபைலை மறுமணம் பிரிவுக்கு மாத்திடட்டுமா? அதுக்கு இந்த வாரம் ஸ்பெஷல் ஆஃபர் இருக்கு மேடம்."

ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொல்லியிருந்த புஷ்பலதா பேசினாள். பொன்னியம்மாளும் பேசினாள். இரண்டு பேரும் ஒன்றாகவே பேசினார்கள். எதிர்வீட்டுக் கோழி மதில் ஏறியது. "என் புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப மறுமணமாடி என் மருமவளுக்கு?" என்று ஒரு குரல். "பேரைச் சொல்லுடி, ஊரைச் சொல்லுடி, நேர்ல வரேன்" என்று ஒரு குரல்.

"லொகேஷன் சொல்லக் கூடாது மேடம்," என்றது போன். வைத்துவிட்டது.

பொன்னியம்மாள் போனைத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என் போன்லயே நான் பாத்தேன்னு சொல்றா. இதை முதல் நாளே நான் கேட்டிருக்கணும் இல்ல? பத்து நாளா அவ சொன்னதை வாயப் பொளந்துகினு கேட்டேனே. குமரேசன் கிட்டயும் சொல்லிட்டேனே சம்மந்தி."

"வுடுங்க சம்மந்தி," என்றாள் புஷ்பலதா. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "தெனம் தெனம் ஒரே பொய்ய ஒருத்தி அக்கறையா சொன்னா, யாருக்கும் மனசு கெட்டுப்போவும்."

"நாளைக்குச் சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை அஷ்டமி, மறுநாள் நவமி, அதுக்கப்புறம் செவ்வாய். இன்னைக்கு வுட்டா புதன்கிழமைதான். வேணாம். குமரேசன் அஞ்சு மணிக்கு வந்துடுவான். வந்த கையோட ரெண்டு பேரும் கிளம்பிடறோம். வெளக்கு வெக்கறதுக்குள்ள என் மருமவளை அழைச்சிகினு வந்துடணும். நீங்க ஜல்தியா போயி அவளைத் தயாரா இருக்கச் சொல்லுங்க."

வாசல் தாண்டும்போது பொன்னியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். போன தடவை போலவே.

திரும்பி வரும் பஸ்ஸில் புஷ்பலதாவுக்கு ஜன்னல் ஓர சீட் கிடைத்தது. காற்று முகத்தில் அடித்தது. ஆரணியில் இறங்கி இரண்டு முழம் மல்லி, அரைக்கிலோ இனிப்பு, வெற்றிலை எல்லாம் வாங்கினாள். பைக்குள் போன் அடித்தது. யாரோ கார்டு வேண்டுமா என்றான். "வேணாம் ராசா" என்றாள். அவள் அன்று முழுக்கச் சொன்னதில் அதுதான் மரியாதையான பதில்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்தே முக்கால். இளமதி அதே தறிக்குழியில் அதே இடத்தில் இருந்தாள். துணி ஒரு முழத்துக்குக் குறையாமல் ஏறியிருந்தது. காலையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை போலிருக்கிறது.

"எழுந்திருடி! மூஞ்சி கழுவு. வராங்க! உன் மாமியாரும் மாப்பிள்ளையும் கிளம்பி வராங்க!"

நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். நானா வந்து மாப்பிள்ளை பார்த்தேன் என்று பொன்னியம்மாள் கேட்டதைச் சொல்லும்போது ரங்கசாமி வாய்விட்டுச் சிரித்தான். இளமதி சிரிக்கவில்லை. நாடாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை நல்லாத்தான் கேட்டிருக்காங்க," என்றாள் கடைசியில். "இன்னைக்கு."

"அப்புறம் இன்னா? எழுந்திரு."

"நான் போவல."

புஷ்பலதாவின் கையில் இருந்த மல்லிகைப் பொட்டலம் அப்படியே நின்றது.

"எம்மா, நான் ஒம்போது நாளா அவருக்குப் போன் பண்றேன். எடுக்கல. 'என்னாச்சுங்க'ன்னு மெசேஜ் போட்டேன். பாத்திருக்காரு, பதில் இல்ல. ஊர் தெரியாத, பேர் தெரியாத ஒருத்தி பண்ண போனை அந்த வீட்டுல பத்து நாளா எடுத்துக் கேட்டிருக்காங்க. நான் பண்ணதை எடுக்கல. 'ஏன் இளமதி, இப்படி ஒருத்தி சொல்றாளே, இன்னா இது'ன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அவ பொய் சொன்னா. அவளுக்கு அதுதான் வேலை. இவங்களுக்கு இன்னா?"

"தெரியாமத்தானேடி..."

"அவங்களை வுடு. நீ?" இளமதியின் குரல் இப்போதுதான் உடைந்தது. "தனக்கோடி பெரியம்மா சொன்னதும் நீ என்னைப் பாத்து இன்னாம்மா கேட்ட?"

புஷ்பலதா வாயைத் திறந்தாள். காலையிலிருந்து ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் பதில் சொன்ன வாய் அது. லோன்காரனையும் மனைக்காரனையும் மறுமணக்காரியையும் கிழித்துத் தொங்கவிட்ட வாய். பெற்ற மகளுக்குச் சொல்ல அதில் ஒரு சொல் இல்லை. காலையில் இந்தப் பெண் பதில் சொல்லாமல் தன் முகத்தையே பார்த்தாளே, அது ஏன் என்று இப்போது தெரிந்தது.

அப்போது ஜன்னல் கட்டையில் போன் அடித்தது. அது இளமதியின் போன். புஷ்பலதா எட்டிப் பார்த்தாள். இது புது நம்பர் இல்லை. திரையில் குமரேசனின் படம், கல்யாணத்தன்று எடுத்தது, மாலையோடு.

"இளமதி, மாப்பிள்ளை பண்றாரு. தெருமுனைக்கு வந்துட்டாங்க போல இருக்கு. எடுத்துப் பேசுடி."

தறிக்குழியிலிருந்து எழுந்திருப்பது லேசில்லை. ஆனால் இளமதிக்கு வயது இருபத்தைந்து. நினைத்தால் ஒரே தாவலில் வெளியே வந்துவிடலாம்.

அவள் கை இந்த முறை நிற்கவில்லை. நாடாவை எடுத்து இடமிருந்து வலம் விட்டாள். பலகையை இழுத்துத் தட்டினாள். வலமிருந்து இடம் விட்டாள்.

போன் அடித்து ஓய்ந்தது. வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் கட்டையில் போன் இரண்டாம் முறை அடிக்க ஆரம்பித்தது.